அத்தியாயம் 6: மாற்று இன்ஜின் – எப்போது, எது, எப்படி?

டிராக்டர் புகை தள்ளி ஆயில் குடிக்க ஆரம்பித்தவுடன் பட்டறையில் காதில் விழும் முதல் யோசனை, "இன்ஜினையே மாத்திடலாம்ணே" என்பது. அதன் பின்னாலேயே இன்னொன்றும் வரும்: மாற்றுவது என்று ஆகிவிட்டது, கொஞ்சம் பெரிய இன்ஜினாகவே போட்டுவிட்டால் கரும்பு லோடும் இழுக்கும், மலையும் ஏறும். முதல் யோசனை சில சமயம் சரி. இரண்டாவது அநேகமாக எப்போதும் தப்பு. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இந்தக் கேள்விக்கு எடை அதிகம். மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலைகளுக்குக் கரும்பு ஏற்றிப் போகிற அதே வண்டிதான் அடுத்த மாதம் கேஜ் வீல் மாட்டிச் சேற்றுழவுக்கு இறங்குகிறது; வாடகை கிடைத்தால் கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் குச்சிக்கிழங்குக் கொல்லையில் புழுதி உழவுக்கும் ஏறுகிறது. மூன்று வேலைக்கும் மூன்று விதமான பலம் வேண்டும். அந்த மூன்றில் எதையும் எச்.பி. மட்டும் தருவதில்லை என்பதே இந்த அத்தியாயம் சொல்ல வருவது. பழைய டிராக்டருக்கு மாற்று இன்ஜின் என்றால், அதே குடும்பத்து இன்ஜின், அதே எச்.பி., அதுவும் பழைய பிளாக் இனித் தேறாது என்று அளந்து பார்த்த பிறகு.

இன்ஜின்தான் சட்டம்

லாரியிலும் ஜீப்பிலும் நீளமான சேஸிஸ் இருக்கிறது; இன்ஜின் அதன்மேல் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கும். கழற்றி எடுத்துவிட்டாலும் வண்டி நாலு சக்கரத்தில் நிற்கும். பெரும்பாலான டிராக்டர்களில் அப்படி ஒரு சட்டமே கிடையாது. மேசி ஃபெர்குசன் 1035-ஐயோ பழைய ஃபோர்டு 3600-ஐயோ பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். முன் அச்சைத் தாங்கும் வார்ப்பு, இன்ஜினின் முகப்பில் போல்ட் போட்டுப் பிணைத்திருக்கும். இன்ஜினின் பின்முகம் கிளட்ச் ஹவுசிங்கோடும், அது கியர்பாக்ஸோடும், அது பின் அச்சோடும் சேர்ந்திருக்கும். 1917-ல் வந்த ஃபோர்ட்சன் டிராக்டர் இந்த அமைப்பைத்தான் மலிவாக உலகமெங்கும் பரப்பியது. சட்டம் என்று தனியாக ஒன்று செய்யாமல், வார்ப்பு இரும்பையே சட்டமாக்கினால் செலவும் எடையும் மிச்சம் என்பது கணக்கு. ஒரு சில மாடல்களில் மட்டும் இன்ஜினின் இருபுறமும் வார்ப்புச் சட்டம் ஓடும். உங்களுடையது எந்த வகை என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சட்டமில்லாத வண்டியில் ஒவ்வொரு வரப்பு ஏறும்போதும், முன் சக்கரம் ஒவ்வொரு பள்ளத்தில் விழும்போதும் வளைக்கும் விசை முழுவதும் இன்ஜின் பிளாக் வழியாகவும் அதன் அடியிலுள்ள சம்ப் வழியாகவும்தான் போகிறது. அதனால்தான் டிராக்டர் இன்ஜினின் சம்ப் கனமான வார்ப்பாக இருக்கிறது. லாரி இன்ஜினிலும் ஜெனரேட்டர் இன்ஜினிலும் அது பெரும்பாலும் தகரத்தில் அடித்த தொட்டி. ஆகவே மாற்று இன்ஜினைத் தேடும்போது "சுற்றுமா, எவ்வளவு இழுக்கும்" என்று கேட்பதற்கு முன்னால் "முன் அச்சைத் தாங்குமா" என்று கேட்க வேண்டும். இடையில் பிளேட் வெட்டி, ஆங்கிள் வைத்து வெல்டிங் செய்து பொருத்தலாம் என்று லேத் பட்டறையில் சொல்வார்கள். கிராங்க் மையமும் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் மையமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். அந்த நேர்மை மயிரிழை தப்பினாலும் கிளட்ச் ஹப்பும் பைலட் பேரிங்கும் கொஞ்ச நாளில் தேய்ந்து போகும். வெல்டிங் சூட்டில் நெளியும் இரும்புத் தகட்டால் அந்தத் துல்லியத்தைக் காப்பாற்ற முடியாது.

நோய் இன்ஜினில்தானா?

மாற்றுவதற்கு முன்னால் புகையைப் படிக்க வேண்டும். கருப்புப் புகை என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. ஆயில் பாத் ஏர் கிளீனரைக் கழுவி, நாசிலைச் சோதித்து, பம்ப்பை டெஸ்ட் பெஞ்சில் வைத்து அளவு சரிசெய்தாலே பல வண்டிகளில் அது நின்றுவிடும். வெள்ளைப் புகை, எரியாத டீசலாகவோ சிலிண்டருக்குள் இறங்கும் தண்ணீராகவோ இருக்கலாம். ரேடியேட்டரில் குமிழி வருகிறதா, ஆயில் பால் நிறத்தில் இருக்கிறதா என்று பார்த்தால் விடை தெரியும். நீலப் புகைதான் ஆயில் எரிவதன் அடையாளம். அதோடு பிரீத்தர் வழியாகவும் புகை வேகமாக வெளியேறினால் ரிங்கும் போரும் தேய்ந்துவிட்டன என்று அர்த்தம். இழுவை குறைந்தது என்ற புகார் மட்டும் இருந்தால், முதலில் கிளட்சைப் பாருங்கள். இன்ஜின் சத்தம் ஏறியும் வண்டி நகரவில்லை என்றால் குற்றம் இன்ஜினுடையது அல்ல.

ரிங்கும் போரும் தேய்ந்ததற்கெல்லாம் இன்ஜின் மாற்ற வேண்டியதில்லை. டீசல் இன்ஜின், தேய்ந்ததைப் புதுப்பிக்க இடம் வைத்துத்தான் செய்யப்பட்டிருக்கிறது. லைனர் போட்ட இன்ஜினில் லைனரைத் தட்டி எடுத்துப் புதுசு போடலாம். ஃபோர்டு 3600 போல லைனர் இல்லாமல் பிளாக்கிலேயே போர் அமைந்தவற்றில் அடுத்த சைஸுக்குக் குடைந்து பெரிய பிஸ்டன் போடலாம்; கடைசி சைஸும் தாண்டினால் ஸ்லீவ் அடித்துப் பழைய அளவுக்கே கொண்டுவரலாம். கிராங்க்கைப் பத்து தௌ, இருபது தௌ, முப்பது தௌ (ஒரு தௌ என்பது இஞ்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று படிப்படியாகக் கடைந்து, அதற்கேற்ற பேரிங் போடலாம். இந்தப் படிகளில் உங்கள் இன்ஜின் இப்போது எந்தப் படியில் நிற்கிறது என்பதைப் பிரித்து, மைக்ரோமீட்டர் வைத்து அளந்து, தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். கனெக்டிங் ராடு முறிந்து பிளாக்கை ஓட்டை போட்டிருந்தால், மெயின் பேரிங் உட்காரும் இடம் நெளிந்திருந்தால், தண்ணீரில்லாமல் ஓடிப் பிளாக் வெடித்திருந்தால், அல்லது போர், கிராங்க் இரண்டும் கடைசிப் படியில் இருந்தால்தான் மாற்று இன்ஜின் என்ற பேச்சு. பொருள் கிடைக்காத மாடல்களுக்கும் இது பொருந்தும். எச்.எம்.டி. நிறுவனம் 2016-ல் டிராக்டர் உற்பத்தியை நிறுத்திவிட்டது. 2511 போன்ற பழைய வண்டி வைத்திருப்பவருக்குப் புது கிராங்க்கைத் தேடி அலைவதைவிட, கியர்பாக்ஸ் போன இன்னொரு 2511-ஐ வாங்கி அதன் இன்ஜினை எடுப்பது சுலபமாக இருக்கக்கூடும்.

எது பொருந்தும்?

முதல் தரம், அதே மாடலின் இன்ஜின். ஹெட், பம்ப், டைனமோ எல்லாம் உங்களிடம் நல்ல நிலையில் இருந்தால் பிளாக், கிராங்க், பிஸ்டன் சேர்ந்த கீழ்ப்பகுதி மட்டும் போதும். இரண்டாம் தரம், விபத்திலோ கியர்பாக்ஸ் கோளாறிலோ ஒதுங்கிய அதே மாடல் வண்டியின் இன்ஜின். இதை ஓடவைத்துப் பார்த்து, சூடான பின் ஆயில் பிரஷரைக் கண்ணால் கண்டு, சம்ப்பைக் கழற்றிப் பேரிங்கைப் பார்த்து வாங்க வேண்டும். பிளாக்கில் அடித்த நம்பர் அராவப்பட்டிருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பிவிடுங்கள்.

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. டிராக்டருக்கு இன்ஜின் தரும் சிம்சன், கிர்லோஸ்கர் போன்ற நிறுவனங்களே ஜெனரேட்டருக்கும் இன்ஜின் செய்கின்றன. சிலிண்டரும் பிஸ்டனும் ஒன்றாகவே இருக்கும்போது, அதிகம் ஓடாமல் கிடக்கும் ஜெனரேட்டர் இன்ஜின் ஏன் கூடாது? கூடாது என்றில்லை, ஆனால் அதை முழு இன்ஜினாக நினைக்கக் கூடாது, உதிரிப்பாகக் களஞ்சியமாக நினைக்க வேண்டும். ஜெனரேட்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 1500 சுற்றில் நிலைத்து நிற்கும்படி கவர்னர் வைக்கப்பட்டது, ஏனென்றால் நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டிராக்டர் கவர்னரோ ஐடிலில் இருந்து 2000 சுற்றுக்கு மேல் வரை கை லீவர் நிற்கும் எந்த இடத்திலும் வேகத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஃப்ளைவீல் வேறு, அதன் ஹவுசிங் வேறு, சம்ப் வேறு. ஒரே குடும்பமாக இருந்து, பார்ட் நம்பர் ஒத்துப்போனால், ஜெனரேட்டரின் பிளாக்கும் கிராங்க்கும் எடுத்து, உங்கள் பழைய சம்ப், ஃப்ளைவீல், முகப்புத் தட்டு, பம்ப் ஆகியவற்றை அதில் ஏற்றலாம். அந்த வேலைக்கு இரண்டு இன்ஜினையும் பக்கத்தில் பிரித்து வைத்து ஒப்பிடும் பொறுமை உள்ள மெக்கானிக் வேண்டும். லாரி, வேன் இன்ஜின்களுக்கு இந்தச் சலுகையும் இல்லை. அவை வேகமாகச் சுற்றிப் பலம் தருபவை. டிராக்டரின் கியரும் 540 சுற்று பி.டி.ஓ.வும் மெதுவாகச் சுற்றும் இன்ஜினுக்கு வகுக்கப்பட்டவை.

எச்.பி. கூடினால் என்ன கிடைக்கும்?

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 1800 கிலோ எடையுள்ள 35 எச்.பி. வண்டியில் பின் சக்கரங்களின் மேல் சுமார் 1100 கிலோ இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். உழுத மண்ணில் டயர் அந்த எடையில் ஏறக்குறைய பாதியைத்தான் இழுவிசையாக மாற்றும். அதாவது 550 கிலோ. மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் 550 கிலோ இழுக்கச் செலவாகும் பலம் 8 எச்.பி. சொச்சம். கலப்பை மண்ணில் ஊன்றும்போது பின்புறம் ஏறும் கூடுதல் எடை, டயர் வழுக்கல், கியர் உராய்வு எல்லாவற்றையும் தாராளமாகச் சேர்த்தாலும் 20-ஐத் தாண்டாது. ஒன்பது கலப்பை போட்டு வண்டி திணறினால், பெரும்பாலும் திணறுவது டயர். அதற்கு மருந்து சக்கர எடை, டயரில் தண்ணீர், நல்ல பட்டன் உள்ள டயர். 50 எச்.பி. இன்ஜின் போட்டால் அதே இடத்தில் அதே டயர் இன்னும் வேகமாக வழுக்கும்.

அந்தக் கூடுதல் பலம் எங்கேயும் போகாமல் இருந்துவிடாது. 2000 சுற்றில் 35 எச்.பி. என்பது சுமார் 12.5 கிலோகிராம்-மீட்டர் முறுக்கு விசை, 50 எச்.பி. என்றால் 18. நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் கூடுதல். கிளட்ச் பிளேட், கியர் பற்கள், கிரௌன் பினியன், பின் ஹவுசிங் ஷாஃப்ட் எல்லாம் பழைய 12.5-க்கு வார்த்துக் கடைந்தவை. அதிலும் 25 வருடம் தேய்ந்தவை. நிறைந்த கரும்பு ட்ரெய்லரைக் கொல்லையிலிருந்து தார் ரோட்டுக்கு ஏற்றும் அந்த ஒரு நிமிடத்தில், கிளட்சைப் படக்கென்று விட்டால் முழு விசையும் தேய்ந்த பற்களின் மேல் விழும். இன்ஜின் புதுசு, கிரௌன் போய்விட்டது என்று அடுத்த வருடம் வண்டி திரும்பப் பட்டறைக்கு வருவது இப்படித்தான்.

மலைக்கு வருவோம். உயரம் ஏற ஏற காற்று மெலிவதால் டர்போ இல்லாத டீசல் இன்ஜின், ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீதம் பலம் இழக்கும். கல்வராயன் மலையில் 3000 அடி உயரத்தில் 35 எச்.பி. வண்டி 32 எச்.பி. வண்டியாகிறது. இது உண்மையான இழப்புதான், ஆனால் இன்ஜின் மாற்றும் அளவுக்கு இல்லை. பம்ப்பைத் திருகி டீசலைக் கூட்டினால் காற்றில்லாத இடத்தில் கருப்புப் புகையும் சூடும்தான் கூடும். ஏற்றத்தில் என்ன ஆகிறது? வண்டியும் 5 டன் லோடு ட்ரெய்லருமாக மொத்தம் 6.8 டன், பத்துக்கு ஒன்று ஏற்றம். சரிவுக்கு 680 கிலோ, உருளும் எதிர்ப்பையும் சேர்த்து 850 கிலோ இழுக்க வேண்டும். மணிக்கு 8 கிலோமீட்டரில் அதற்கு 25 எச்.பி. போதும். பெரிய இன்ஜின் இதை 11, 12 கிலோமீட்டராக்கும். சில நிமிடம் மிச்சம். ஆனால் அதே 680 கிலோ இறக்கத்தில் வண்டியைப் பின்னாலிருந்து தள்ளும். பல ட்ரெய்லர்களுக்குப் பிரேக்கே கிடையாது. டிராக்டரின் பின் சக்கரம் இரண்டுக்கும்தான் பிரேக். கச்சிராயபாளையத்திலிருந்து மலையேறும் வண்டியின் எல்லையைத் தீர்மானிப்பது இறக்கமே. பெரிய இன்ஜின் இருக்கிற தைரியத்தில் ஏற்றப்படும் கூடுதல் லோடு, இறங்கும்போதுதான் கணக்கைக் கேட்கும். இன்ஜினுக்கு ஒதுக்கிய கூடுதல் பணத்தைப் பிரேக் லைனிங்கிலும் ட்ரெய்லர் பிரேக்கிலும் போடுவது புத்தி.

எச்.பி. கூட்டிப் பயனில்லை என்பதை ரோட்டவேட்டர் வைத்திருப்பவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கிறது. ரோட்டவேட்டரில் பலம் டயர் வழியாகப் போவதில்லை, பி.டி.ஓ. வழியாக நேரே கத்திக்குப் போகிறது, அங்கே எச்.பி. உண்மையிலேயே வேலை செய்யும். அதற்கும் பதில் இன்ஜின் அல்ல. அகலம் குறைந்த ரோட்டவேட்டர், ஒரு கியர் குறைவு, இரண்டு ஓட்டு. வேலை சற்று மெதுவாக நடக்கும், வண்டி நிலைக்கும். ஒவ்வொரு மாடலும் உண்மையில் எவ்வளவு இழுக்கும், பி.டி.ஓ.வில் எவ்வளவு தரும் என்பதை மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் உள்ள மத்திய அரசு சோதனை நிலையம் சோதித்து அறிக்கை தருகிறது. விளம்பரத்து எச்.பி.யை நம்பாமல் அந்த அறிக்கையைப் பார்த்துக் கருவியைத் தேர்ந்தெடுங்கள்.

பிரிப்பதும் சேர்ப்பதும்

சமதளமான சிமெண்ட் தரை, இரண்டு டன் தாங்கும் செயின் பிளாக், உறுதியான ஸ்டாண்டு, இவை இல்லாமல் தொடங்க வேண்டாம். பேட்டரி வயர், டீசல், தண்ணீர், ஆயில் எல்லாம் இறக்கி, ஒவ்வொரு குழாய்க்கும் வயருக்கும் அடையாளம் கட்டிய பிறகு வண்டியைக் கிளட்ச் ஹவுசிங்கில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். இங்கே உயிர் போகும் ஆபத்து ஒன்று இருக்கிறது. முன் அச்சு நடுவில் ஒரே ஒரு பின்னில் ஆடுவது. முழு வண்டியாக இருக்கும்வரை பின் சக்கரங்கள் முன்பாதியை நேராகப் பிடித்திருக்கும். பிரித்த கணத்தில் இன்ஜினோடு முன்பாதி ஒரு பக்கம் சாய்ந்து கவிழும். ஆகவே கடைசி போல்ட்டைக் கழற்றுவதற்கு முன்னால், அச்சுக்கும் அதன் மேலுள்ள வார்ப்புக்கும் நடுவே இருபுறமும் கெட்டியான மர ஆப்பு அடித்து இறுக்குங்கள். கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் ஸ்டாண்டு, பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை, இன்ஜினின் பின்புறத்துக்கு உருளும் ஜாக்கி. ஹைட்ராலிக் ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போகக் கூடாது.

சேர்க்கும்போது அவசரம்தான் எதிரி. கிளட்ச் பிளேட்டை மையக்கோல் வைத்து நடுவில் நிறுத்தி, பைலட் பேரிங், ரிலீஸ் பேரிங், கிராங்க் பின் ஆயில் சீல் மூன்றையும் புதுசாகப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் பிறகு இதற்காகவே மறுபடி வண்டியைப் பிரிக்க வேண்டிவரும். இரண்டு பாதியும் நெருங்கி வரும்போது, ஷாஃப்ட்டின் பல்லும் கிளட்ச் ஹப்பின் பல்லும் ஒன்றுக்கொன்று இடிக்கும். ஒருவர் ஃப்ளைவீலை மெதுவாகத் திருப்ப, இன்னொருவர் தள்ள, பல் தானாக உள்ளே வழுக்கும். இரட்டை கிளட்ச் என்றால் பி.டி.ஓ. ஷாஃப்ட்டையும் திருப்பிப் பார்க்க வேண்டும். அரை இஞ்ச் இடைவெளியில் நின்றுபோனால், போல்ட்டைப் போட்டு இறுக்கி இழுக்கத் தோன்றும். இழுத்தால் ஹப் உடையும், அல்லது ஹவுசிங் வெடிக்கும். இரண்டு முகமும் கைத் தள்ளலில் ஒட்டிய பிறகுதான் போல்ட்டுக்கு வேலை. பிறகு ரேடியேட்டரைக் கழுவி, ஆயில் நிரப்பி, ஸ்டாப் லீவரை இழுத்துப் பிடித்தபடி ஆயில் பிரஷர் ஏறும்வரை செல்ஃப் அடித்து, அதன் பிறகே காற்றெடுத்து ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் 50 மணி நேரம் லேசான உழவு போதும். ஐடிலில் மணிக்கணக்கில் ஓடவிடுவதும் தப்பு. லோடே இல்லாவிட்டால் ரிங் போரில் படியாமல், போர் கண்ணாடிபோல் பளபளத்து ஆயில் குடிக்கும். 50 மணியில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, கையேடு சொல்கிறபடி ஹெட் போல்ட்டைச் சோதியுங்கள்.

ஆர்.சி. புத்தகம்

"டிராக்டரை யார் நிறுத்தி இன்ஜின் நம்பரைப் பார்க்கிறார்கள்" என்பது நடைமுறை பேசுபவர்களின் கேள்வி. ரோட்டில் பார்க்காமல் இருக்கலாம்; விபத்து நடந்த மறுநாள் பார்ப்பார்கள். இன்ஷூரன்ஸ் பாலிசியில் இன்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் இருக்கின்றன. மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் 52-வது பிரிவு, முன் அனுமதியில்லாமல் இன்ஜின் மாற்றியிருந்தால் 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் பதியச் சொல்கிறது. தயாரிப்பாளர் வகுத்த விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரளத்து வழக்கு ஒன்றில் உறுதிப்படுத்தியது. அதே மாடல் இன்ஜின் போட்டவர் பில்லையும் பழைய இன்ஜின் விவரத்தையும் எடுத்துக்கொண்டு போனால் சொல்வதற்குப் பதில் இருக்கும். லாரி இன்ஜின் போட்டவரிடம் காட்டுவதற்கு எதுவும் இருக்காது. வேலை தொடங்கும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுதிக் கேட்டுவிடுவது இருவருக்கும் நல்லது.

இத்தனைக்கும் பிறகு, அந்தச் செலவில் புது வண்டிக்கு முன்பணம் கட்டிவிடலாமே என்று கேட்கலாம். வருடம் முழுக்க வாடகைக்கு ஓட்டுகிறவருக்கு அது சரியாக இருக்கலாம். சொந்த நிலத்துக்கும் அரவைக் காலத்துக்கும் மட்டும் ஓட்டுகிறவருக்கு, கியரும் பின் அச்சும் நல்லபடியாக இருக்கும் பழைய வண்டியே லாபம். தவணை இல்லை, உள்ளூரில் பிரித்துச் சேர்க்கத் தெரிந்த கை இருக்கிறது. பெரிய எச்.பி. தேவைப்படும் வேலை வருடத்தில் சில நாட்கள்தான் என்றால், அந்த நாட்களுக்கு மட்டும் வேளாண் பொறியியல் துறையின் இ-வாடகைத் திட்டத்திலோ பக்கத்து ஊர்க்காரரிடமோ பெரிய வண்டியை வாடகைக்கு எடுங்கள். வருடம் முழுக்கத் தேவைப்படுகிறது என்றால், உங்களுக்கு வேண்டியது பெரிய இன்ஜின் அல்ல, பெரிய டிராக்டர்.